முள்சீத்தா இலை, களைக்கொல்லி, அப்பாவின் நோய்

அப்பா பின்பக்கமாகத்தான் விழுவார். கதவைத் தன் பக்கம் இழுத்துத் திறக்கும்போதும், சமையலறை வாசலில் திரும்பும்போதும், நாற்காலியை விட்டு எழும்போதும், எதுவும் தடுக்காமலேயே மல்லாந்து சாய்ந்துவிடுவார். முதலில் காட்டிய இடத்தில் இதைத் தலைசுற்றல் என்று எடுத்துக்கொண்டு சின்னரிசின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டும் விழுவது நிற்கவில்லை. நடைதான் இன்னும் மந்தமாயிற்று. அடுத்துப் பார்த்தவர் பார்க்கின்சன் நோய் என்று சொல்லி அதற்கு வழக்கமாகத் தரும் லெவோடோபா மாத்திரையைத் தொடங்கினார். அளவைக் கூட்டிப் பார்த்தும் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் எதுவும் ஏற்படவில்லை.

கடைசியாக நாங்கள் போய்ச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் முதல் வேலையாகச் சின்னரிசினை நிறுத்தினார். அந்த மாத்திரை, உடல் அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற பொருள் மூளையில் வேலை செய்யும் இடத்தை மறிக்கக்கூடியது, வயதானவர்கள் நீண்ட நாள் சாப்பிட்டால் அதுவே பார்க்கின்சன் போன்ற மந்தத்தை உண்டாக்கும், நிறுத்திய பிறகும் அந்த விளைவு அடங்கச் சில மாதங்கள் ஆகலாம் என்று விளக்கினார். வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோப்பிரமைடு, ஒற்றைத் தலைவலிக்குத் தரப்படும் ஃபுளுனரிசின், சில மனநல மருந்துகள் ஆகியவற்றுக்கும் இதே குணம் உண்டு. நடை தளர்ந்த பெரியவர் வீட்டில் இருந்தால், நச்சு எது என்று தோட்டத்தில் தேடுவதற்கு முன்னால் மாத்திரைப் பெட்டியைத் தேடுவது நல்லது. மாத்திரையால் வந்த தளர்ச்சி பெரும்பாலும் திரும்பிப் போகக்கூடியது.

அப்பாவுக்கு அது திரும்பிப் போகவில்லை. நோயை உறுதிப்படுத்தியதில் சாப்பாட்டு இலைக்கும் ஒரு பங்கு உண்டு. சில மாதங்களாகவே அவர் சோற்றைச் சிந்திச் சாப்பிட்டார். குழம்பு ஊற்றிய இடத்தை விட்டுவிட்டு இலையின் வெறும் ஓரத்தில் பிசைந்தார். கூட்டு வைத்தது தெரியாமல் கூட்டு எங்கே என்று கேட்டார். கண் புரை என்று நினைத்துக் கண் மருத்துவரிடம் காட்டினோம், பார்வையில் குறை இல்லை. நரம்பியல் மருத்துவர் ஒரு பேனாவை அவர் கண்முன் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். பேனா இறங்கியது, கண்மணிகள் இறங்கவில்லை. இலையில் இருந்த சோறு அவர் பார்வை எட்டும் எல்லைக்குக் கீழே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து மேசைமேல் ஒரு மணையைப் போட்டு, அதன்மேல் தட்டை வைத்து, ஏறக்குறைய மார்பு உயரத்தில் பரிமாறினோம். சிந்துவது பாதியாகக் குறைந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் நடுமூளை தேய்ந்து, பக்கவாட்டில் பார்க்க ரீங்காரச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) வடிவில் இருந்தது. மருத்துவ நூல்களில் அதற்கு அந்தப் பறவையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நோயின் பெயர் புரோகிரெசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி, சுருக்கமாகப் பி.எஸ்.பி. டௌ என்ற புரதம் நரம்பணுக்களில் முடிச்சாகத் தேங்கி அவற்றை அழிப்பதால் வருவது, பார்க்கின்சனுக்கு உறவுமுறை, ஆனால் லெவோடோபாவுக்குச் சரியாகக் கட்டுப்படாதது.

பெயர் கிடைத்த பிறகு அந்த மருத்துவர் கேட்ட கேள்விகளே என்னை எழுத வைத்தன. "ஐயா என்ன வேலை செஞ்சாங்க? மருந்தடிச்சிருக்காங்களா? கிணத்துத் தண்ணியா, குழாய்த் தண்ணியா? நாட்டு மருந்து, இலைக் கஷாயம், பொடி ஏதாவது உண்டா?" அதற்குமுன் பார்த்த எவரும் இவற்றைக் கேட்டதில்லை. எங்களிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தில் விளவங்கோடு பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் வாழை, வீட்டைச் சுற்றி மரச்சீனி. கிணற்றடியில் ஒரு முள்சீத்தா மரம் நிற்கிறது. மலையாளம் கலந்த எங்கள் பேச்சில் முள்ளாத்தா. அத்தை புற்றுநோயில் இறந்த பிறகு, அந்த மரத்தின் இலை புற்றை அண்டவிடாது என்று உறவுக்காரர் ஒருவர் அனுப்பிய செய்தி குடும்பம் முழுக்கச் சுற்றியது. அப்பா தினமும் காலையில் சில இலைகளைக் கொதிக்க வைத்து வடிகட்டிக் குடித்தார். காய்க்கிற காலத்தில் பழத்தையும் விடமாட்டார். ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தது.

இதைக் கேட்டதும் மருத்துவர் குவாதலூப் என்ற தீவின் பெயரைச் சொன்னார். கரீபியக் கடலில், பிரான்சுக்கு உட்பட்ட தீவு அது. அங்கே பணியாற்றிய தொமினிக் கப்பாரோஸ்-லெஃபேவ்ர் என்ற நரம்பியல் மருத்துவர் 1999ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளோடு தம்மிடம் வந்த 87 பேரில் 22 பேருக்கு மட்டுமே வழக்கமான பார்க்கின்சன் இருந்ததாக அவர் கண்டார். மற்ற நாடுகளில் பெரும்பான்மையாக இருக்கவேண்டிய அந்த வகை அங்கே கால்பங்குதான். எஞ்சியவர்களில் பலருக்கு அப்பாவுக்கு வந்ததைப் போன்ற பி.எஸ்.பி., அல்லது எந்த வகையிலும் சரியாக அடங்காத, லெவோடோபாவுக்கு மசியாத ஒரு நோய். இவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக முள்சீத்தாப் பழத்தையும், அதன் இலைக் கஷாயத்தையும் உட்கொண்டவர்களாக இருந்தார்கள். அந்தத் தீவுக்கு 1854 முதல் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் போயிருக்கிறார்கள் என்பதும், அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள் என்பதும் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. நோய்க்கும் அதற்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனாலும் அதைப் படித்த பிறகு அந்தத் தீவு அவ்வளவு தொலைவில் இருப்பதாகத் தோன்றவில்லை.

சந்தேகத்துக்கு உள்ளான பொருள் முள்சீத்தாவில் உள்ள அனோனாசின். உயிரணுவின் ஆற்றல்கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உண்டாகும் தொடரில் கம்ப்ளெக்ஸ் ஒன்று என்ற முதல் படியை அது அடைக்கிறது. படி அடைபட்டால் உயிரணுவுக்கு ஆற்றல் கிடைக்காது. மூளையின் நரம்பணுக்கள் ஓயாமல் ஆற்றல் செலவிடுபவை ஆகையால் முதல் அடி அவற்றுக்கு விழும். எலிகளின் இரத்தத்தில் அனோனாசினை 28 நாட்கள் தொடர்ந்து செலுத்தியபோது, மூளையின் ஆழப்பகுதிகளில் நரம்பணுக்கள் அழிந்ததாக 2004இல் பியேர் ஷாம்ப்பி குழுவினர் காட்டினார்கள். நான் பலரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்று உண்டு. ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில் முள்சீத்தாச் சாறு புற்றணுக்களைக் கொல்கிறது என்று பரப்பப்படும் செய்தி பொய்யில்லை. புற்றணுக்களை அங்கே கொல்லும் வழியும், நரம்பணுவின் ஆற்றலை முடக்கும் வழியும் ஒன்றே என்பதை மட்டும் அந்தச் செய்தி சொல்வதில்லை. மனித உடலில் அது புற்றைக் குணமாக்கும் என்பதற்கு மருத்துவச் சோதனையின் சான்றும் இல்லை.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் கதை கச்சிதமாக முடிந்துவிடும். குடும்பத்தில் பலர் இங்கேயே நிறுத்திவிட்டு மரத்தை வெட்டக் கிளம்பினார்கள். ஆனால் அதே ஷாம்ப்பி அளந்து சொன்ன கணக்கு வேறொன்றையும் காட்டுகிறது. ஒரு பழத்தில் ஏறக்குறைய 15 மில்லிகிராம் அனோனாசின் இருக்கும். ஒரு கோப்பை இலைக் கஷாயத்தில் 0.14 மில்லிகிராம்தான். தினம் ஒரு பழம் வீதம் ஓராண்டு தின்றால்தான், எலிகளுக்கு இரத்தத்தில் செலுத்திய அளவுக்கு உடல் எடைக்கு ஏற்ப ஈடாகும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆக, நாங்கள் அஞ்சிய கஷாயத்தைவிட, சிறுபிள்ளைகளுக்குக்கூட நறுக்கிக் கொடுத்த பழத்தில்தான் அது மிகுதி. பழமோ ஆண்டில் சில வாரங்களுக்குத்தான். பிரான்சின் உணவுப் பாதுகாப்பு முகமை 2010இல் இதை ஆராய்ந்து, கையில் உள்ள சோதனைத் தரவுகளைக் கொண்டு பழத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டென்று உறுதிப்படுத்த முடியாது என்றது. குவாதலூப்பில் ஆய்வு செய்த அதே மருத்துவர் பின்னர் பிரான்சின் வடபகுதியில், குரோமேட் கழிவு குவிந்த தொழில் நகரங்களில், எதிர்பார்க்கும் அளவைப்போல் ஏறத்தாழ 12 மடங்கு பி.எஸ்.பி. நோயாளிகளைக் கண்டார். அங்கே முள்சீத்தா மரம் கிடையாது.

இனி மருந்தடித்த கதை. ரப்பர் மரங்களுக்கிடையே களை மண்டினால் பால் வெட்டுபவர்கள் விடியற்காலையில் பாம்புக்குப் பயந்து உள்ளே இறங்கமாட்டார்கள். அதனால் மழைக்காலத்துக்குப் பின் பாராகுவாட் களைக்கொல்லி அடிப்பது வழக்கம். அப்பா ஆள்வைக்காமல் தாமே அடிப்பார். முதுகில் மாட்டும் தெளிப்பானின் மூடி வளையம் தேய்ந்துபோய், நடக்கும்போது மருந்து கசிந்து சட்டையின் பின்பக்கம் இடுப்புவரை ஈரமாகியிருக்கும். அதே சட்டையோடு மதியம்வரை நிற்பார். தெளிமுனை அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவார். இது அப்பாவிடம் மட்டும் இருந்த பழக்கம் இல்லை. எங்கள் பக்கத்தில் மருந்தடிக்கிற யாரை வேண்டுமானாலும் ஒரு நாள் கவனித்துப் பாருங்கள், தெளிமுனை வாய்க்குப் போகும்.

களைக்கொல்லிக்கும் பார்க்கின்சனுக்கும் உள்ள சந்தேகம் ஒரு விபத்திலிருந்து தொடங்கியது. 1982இல் கலிபோர்னியாவில் போதை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென அசைவற்று, பேச்சற்று, முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப்போல உறைந்துபோனார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் தேடிப் பார்த்ததில், கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளில் எம்.பி.டி.பி. என்ற கலப்புப் பொருள் இருந்தது தெரியவந்தது. மூளைக்குள் அது மாறி உருவாகும் பொருளும் கம்ப்ளெக்ஸ் ஒன்றையே அடைக்கிறது. அந்தப் பொருளின் வேதியமைப்பு பாராகுவாட்டை ஒத்திருந்ததால் பார்வை வயல்களின் பக்கம் திரும்பியது. பாராகுவாட் வேலை செய்யும் வழி சற்று வேறு. உயிரணுக்களில் ஆக்சிஜன் சார்ந்த சிதைவை அது தூண்டிவிடுகிறது. டெரிஸ் போன்ற செடிகளின் வேரிலிருந்து எடுக்கப்பட்டு, இயற்கைப் பூச்சிக்கொல்லி என்று நீண்ட காலம் பெயர் வாங்கியிருந்த ரோட்டெனோன், எலிகளிடம் பார்க்கின்சன் போன்ற சிதைவை உண்டாக்குவதை 2000இல் திமோத்தி கிரீனமையர் குழுவினர் காட்டினார்கள். செடியில் விளைந்தது என்பதால் சாதுவாகவும், தொழிற்சாலையில் விளைந்தது என்பதால் கொடிதாகவும் எதுவும் ஆகிவிடுவதில்லை. வீட்டில் இதைச் சொல்லிப் புரியவைக்கத்தான் எனக்கு நிறைய நேரம் ஆனது. இரு தரப்பிலும் பிடிவாதக்காரர்கள் இருந்தார்கள்.

அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் பூச்சிமருந்து தெளிப்பவர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. பாராகுவாட் அல்லது ரோட்டெனோனைக் கையாண்டவர்களுக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்றது. அதே ஆட்களின் தரவை வைத்துப் பின்னால் செய்த அலசலில், தகுந்த கையுறை அணிந்து வேலை செய்தவர்களிடம் பாராகுவாட்டுடனான அந்தத் தொடர்பு காணப்படவில்லை. எனக்கு இந்தப் பின்னிணைப்புதான் மூல ஆய்வைவிடப் பெரிதாகப் பட்டது. இவை பார்க்கின்சனைப் பற்றியவை, அப்பாவின் பி.எஸ்.பி.யைப் பற்றியவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளம் 2011இலேயே பாராகுவாட்டைத் தடைசெய்துவிட்டது. எங்கள் தோட்டத்திலிருந்து எல்லை அதிகத் தொலைவில்லை. இந்தப் பக்கம் கடையில் கேட்டால் கிடைக்கும்.

கஷாயமா, பழமா, களைக்கொல்லியா, எதுவுமே இல்லையா என்று அண்ணன் மருத்துவரிடம் நேராகவே கேட்டார். ஊர் முழுவதையும் கணக்கெடுத்தால் எது ஆபத்தைக் கூட்டுகிறது என்று சொல்ல முடியும், ஒரு மனிதருக்கு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது, இவற்றில் எதையும் தொடாதவர்களுக்கும் பி.எஸ்.பி. வருகிறது என்றார். அந்தப் பதில் அண்ணனுக்குத் திருப்தி தரவில்லை. நான் அதை ஏற்றுக்கொண்டதற்குக் குவாம் தீவின் வரலாறு ஒரு காரணம். பி.எஸ்.பி.யை 1964இல் முதன்முதலாக விரிவாக விவரித்த மூவரில் ஒருவரான ஜான் ஸ்டீல், பின்னாளில் பசிபிக் கடலில் உள்ள அந்தத் தீவுக்குப் போய் அங்கேயே தங்கினார். அங்கே சமோரோ மக்களிடையே கைகால் தேய்தல், பார்க்கின்சன், மறதி மூன்றும் கலந்த ஒரு நோய், மற்ற இடங்களைப்போல் 50 முதல் 100 மடங்குவரை 1950களில் காணப்பட்டது. நச்சுள்ள சைக்கஸ் விதையைப் பலநாள் ஊறவைத்துக் கழுவி மாவாக்கி ரொட்டி சுடும் வழக்கம் அங்கே உண்டு. அந்த விதையில் பி.எம்.ஏ.ஏ. என்ற அமினோ அமிலத்தை 1967இல் கண்டுபிடித்தார்கள். கழுவிய மாவில் அது மிகக் குறைவு என்று எதிர்வாதம் வந்தது. 1987இல் அதைக் குரங்குகளுக்குக் கொடுத்து, நரம்பு கெடுவதைக் காட்டினார்கள். கொடுத்த அளவு மிக அதிகம் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். 2002இல் பால் காக்ஸும் ஆலிவர் சாக்ஸும், விதையைத் தின்னும் பழந்தின்னி வௌவால்களைச் சமைத்துத் தின்றதால் நஞ்சு செறிந்து சேர்ந்திருக்கலாம் என்றார்கள், அதுவும் மறுக்கப்பட்டது. இதற்கிடையில் மக்களின் உணவும் வாழ்க்கையும் மாறி, புதிய நோயாளிகள் வருவது பெரிதும் குறைந்துவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு தீவையே ஆராய்ந்தும் முடிவு கட்டாத ஒன்றை, எங்கள் கிணற்றடி மரத்தைப் பார்த்து நாங்கள் முடிவு கட்டக்கூடாது என்று எனக்குப் பட்டது.

சந்தேகத்துக்கே இடமில்லாமல் நரம்பைக் கெடுக்கும் தாவரங்களும் உண்டு. அவற்றின் நிலைமை வேறு. கேசரிப் பருப்பைப் பஞ்ச காலத்தில் மாதக்கணக்கில் முக்கிய உணவாகத் தின்றால் கால்கள் விறைத்து முடங்கும். வட இந்தியாவில் இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவைக்கப்பட்டுவிட்டது. சரியாகப் பதப்படுத்தாத கசப்பு மரச்சீனியை மட்டும் வாரக்கணக்கில் தின்னும் ஆப்பிரிக்கக் கிராமங்களில் கொன்சோ என்ற திடீர் முடக்கம் வருகிறது. சயனைடும், புரதமற்ற உணவும் சேர்ந்து செய்யும் வேலை அது. எங்கள் வீட்டில் மரச்சீனியை அவித்து முதல் தண்ணீரை வடித்துக் கொட்டுவதும், மீன்கறியோடு மட்டுமே அதைப் பரிமாறுவதும் அம்மாவுக்கு அவர் அம்மா சொல்லிக் கொடுத்தவை. சயனைடை உடல் வெளியேற்றுவதற்கு வேண்டிய கந்தகம் மீனின் புரதத்திலிருந்து கிடைக்கிறது. இவ்விரு நோய்களும் பார்க்கின்சன் போல ஆண்டுக்கு ஆண்டு முற்றுபவை அல்ல. ஒருமுறை அடித்துவிட்டு அந்த நிலையிலேயே நிற்பவை.

இனி, இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில. மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு தாளில், நோயாளி இளமையிலிருந்து செய்த வேலைகளை ஆண்டுவாரியாக எழுதுங்கள். மருந்தடித்தது, வெல்டிங், உலோகச் சுரங்கம், சாயப்பட்டறை, உலர்சலவை எதையும் விடாதீர்கள். மாங்கனீசுப் புகையோ தூசியோ பார்க்கின்சன் போன்ற நோயைத் தரும் என்பது 1837இலேயே கவனிக்கப்பட்டது. அமெரிக்க மரைன் படையினர் தங்கிய லெஜூன் முகாமின் குடிநீரில், உலோகப் பாகங்களிலும் துணிகளிலும் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீன் கலந்திருந்ததால், அங்கே இருந்தவர்களுக்குப் பார்க்கின்சன் ஆபத்து 70 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்று 2023இல் ஓர் ஆய்வு சொன்னது. மருந்தின் பெயர் நினைவில்லை என்றால் பழைய டப்பாவையோ கடை ரசீதையோ தேடுங்கள். அப்பாவிடம் கேட்டதற்கு "பச்சை மருந்து" என்பதற்குமேல் பதில் வரவில்லை, ரப்பர் புகைக்கூடத்தின் பரணில் கிடந்த காலி டப்பாதான் பெயரைச் சொன்னது.

நாட்டு மருந்துகளையும் அதே தாளில் எழுத வேண்டும். கஷாயத்தை நிறுத்திய பிறகு வேறொரு உறவினர் பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்தார். பூனைக்காலியில் இருப்பது லெவோடோபாவேதான். ஏற்கெனவே அதே மருந்தை மாத்திரையாகச் சாப்பிடுபவர் அளவு தெரியாத பொடியாகவும் சாப்பிட்டால், இரத்த அழுத்தம் இறங்கி விழுவதும் மனக்குழப்பமும் கூடும். பொடியை மருத்துவரிடம் காட்டினோம், வேண்டாம் என்றார். இதைப் பலர் மருத்துவரிடம் சொல்லத் தயங்குவார்கள். திட்டுவார் என்ற பயம்தான். எங்களுக்கு அப்படி நடக்கவில்லை.

முள்சீத்தா மரத்தை நாங்கள் வெட்டவில்லை. வந்தவர்கள் எப்போதாவது ஒரு துண்டு பழம் தின்பதை நான் தடுப்பதில்லை; தினப்படிக் கஷாயம், சத்து மாத்திரை, டப்பாவில் அடைத்த சாறு என்று ஆண்டு முழுவதும் உட்கொள்வதையும், நடுக்கமோ நடைத்தளர்ச்சியோ உள்ளவர்கள் அதைத் தொடுவதையும் வேண்டாம் என்றே சொல்கிறேன். தோட்டத்தில் களையை இப்போது இயந்திரத்தால் வெட்டுகிறோம். செலவு கூடத்தான் ஆகிறது. வாழைக்கு மருந்தடிக்க வருபவர்களுக்குத் தடித்த நைட்ரைல் கையுறை, மாற்றுச் சட்டை, கிணற்றடியில் சோப்பு, தெளிமுனை அடைப்பு எடுக்க ஒரு பழைய பல்துலக்கி ஆகியவற்றை வைத்திருக்கிறோம். முதல் சில நாட்கள் கையுறை வேர்க்கிறது என்று கழற்றி மரத்தில் மாட்டிவிட்டார்கள். பருத்திக் கையுறையை உள்ளே போட்டுக்கொள்ளலாமே என்று அண்ணன் யோசனை சொன்ன பிறகுதான் நிலைத்தது. அந்த உள்ளுறையைத் தினமும் துவைக்க வேண்டும். மருந்தில் நனைந்த பருத்தி தோலோடு ஒட்டிக் கிடப்பது வெறுங்கையைவிட மோசம்.

உடலில் தங்கியிருக்கும் நஞ்சை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாதா என்று எங்களைப் பலர் கேட்டிருக்கிறார்கள். இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் உடலுக்குள் போன பாராகுவாட்டையோ அனோனாசினையோ இன்று இரத்தத்தில் தேடிக் காண வழியில்லை; நச்சை நீக்குவதாகச் சொல்லி விற்கப்படும் சிகிச்சைகளால் இழந்த நரம்பணுக்களை மீட்கவும் முடியாது. அதனால் எங்கள் தோட்டத்தில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். எந்தத் தேதியில், யார், எந்த மருந்தை, எவ்வளவு அடித்தார், கையுறை போட்டாரா என்பதை அண்ணன் எழுதுகிறார். அதன் ஒரு படியை மருந்தடிக்க வருபவரிடமும் கொடுத்துவிடுகிறார்.